மூன்றாவது பொத்தான்

ரிச்மண்ட், கலிபோர்னியா
17 செப்டம்பர் 1961

அன்புள்ள ஸெலிமா அக்காவுக்கு,

தம்பி வால்ட்ரி எழுதுவது. நான் சுகம். நீயும் நொர்பேர் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

எனக்கு அதே வேலைதான். ரயில் பெட்டிகளைக் கழுவி, வெள்ளைக்காரர்கள் படுத்து எழுந்த விரிப்புகளை உருவிப் போடுகிறோம். கலிபோர்னியா போனால் எல்லாம் மாறிவிடும் என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சனிக்கிழமை, மாதா கோவில் ஹாலில் நம் ஊர்க்காரர்களின் நடனம். இங்கேயும் லூசியானாக் கூட்டம் பெருத்துவிட்டது. அக்கார்டியன்காரன் பீர் குடிக்கப் போன நேரத்தில் ஒருவன் ரெக்கார்டு போட்டான். அப்பாவின் வால்ட்ஸ். வீட்டு நடனங்களில் எல்லோரையும் அனுப்பிவைக்கக் கடைசியாக வாசிப்பாரே, அதே வால்ட்ஸ்.

லேபிளைப் பார்த்தேன். வாசித்தது அல்சீட் கீத்ரி. இயற்றியதும் அல்சீட் கீத்ரி. ஆமாம், நம் ஊர்த் துணை ஷெரீஃப், அந்தப் போலீஸ்காரன். சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரர் நடன ஹாலில் பெட்டி வாசிக்கிறவன்.

அப்பாவைப் புதைத்த மண் இன்னும் இறுகியிருக்காது. உனக்கு இது தெரியுமா?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
வால்ட்ரி


லான்ஸ் ப்ரூலே, லூசியானா
20 அக்டோபர் 1961

என் தம்பி வால்ட்ரிக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. அறுவடை நேரம், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். முழங்காலைப் பற்றிக் கேட்டாய், அது தன் பாட்டுக்கு இருக்கிறது. சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. இவருக்கு நெல் உலர்த்தும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. இனிமேல் அடுத்தவன் வயலில் முதுகு வளைக்க வேண்டாம்.

அந்த ரெக்கார்டு இங்கே எல்லாக் கடை ஜூக்பாக்ஸிலும் ஓடுகிறது. கீத்ரி எத்தனை வருடம் நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று அப்பா வாசிப்பதைக் கேட்டான் என்று உனக்கே தெரியும். அவன் நிற்பதைப் பார்த்ததும் அப்பா முதுகைத் திருப்பிக்கொள்வார். முதுகைத் திருப்பினால் சத்தம் நின்றுவிடுமா? காதில் விழுந்தது ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டுவிடு.

அங்கே குளிர் வருமுன் நல்ல கோட்டு வாங்கிக்கொள்.

உன் அக்கா
ஸெலிமா


ரிச்மண்ட்
29 அக்டோபர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிந்தேன். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் அது இல்லை.

அந்த ரெக்கார்டை வாங்கிவந்து, அறையில் இருப்பவர்கள் திட்டத் திட்டக் கேட்டேன். வால்ட்ஸின் நடுவில் பாட்டு மேலே ஏறும் இடம் உனக்கு நினைவிருக்கும். அங்கே அப்பா மூன்றாவது பொத்தானை அழுத்திப் பெட்டியை இழுப்பார். அந்தச் சுரம் வரும்போதுதான் அத்தைகள் கண்ணைத் துடைப்பார்கள். ரெக்கார்டில் அந்தச் சுரம் இல்லை. அந்த இடத்தில் கீத்ரி நிறுத்தி, காலால் தரையை இரண்டு முறை மிதிக்கிறான். ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே.

அவன் பெட்டி புதுசு. எல்லாப் பொத்தானும் வேலை செய்யும். அப்புறம் ஏன் விடுகிறான்?

பிப்ரவரியில் மார்டி கிரா திருவிழா அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே பார். முகமூடி ஓட்டத்துக்கு அப்பா கேப்டன். வெள்ளைக்கொடியோடு முன்னால் குதிரையில் போனார். நாங்கள் வீடு வீடாகக் கம்போக் குழம்புக்குக் கோழி கேட்டோம். கீத்ரியின் அப்பன், அந்தக் கிழவன், கோழியைப் பன்றிச் சகதிக்குள் எறிந்தான். "முட்டி போட்டுப் புடிங்கடா, கறுப்புப் பயலுகளா, அதான் உங்களுக்குப் பழக்கம்" என்றான். சேவல் இறகு முகமூடிக்காரன் அவனையே சகதிக்குள் தள்ளினான். கிழவன் கை ஒடிந்தது. அந்த முகமூடிக்குள் நான். தப்பி வண்டியில் தாவி ஏறியபோது அப்பாவின் அக்கார்டியன் என் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. மூன்றாவது பொத்தான் ஒடிந்தது. அன்று மாலையே ரயில் ஏறினேன்.

மறுநாள் சாம்பல் புதன், நோன்பு தொடக்கம். தவக்காலம் முழுக்க நம் வீட்டில் அக்கார்டியன் மரப்பெட்டிக்குள் போய்விடும். ஈஸ்டர் வரை யாரும் தொட மாட்டார்கள். அப்பா ஈஸ்டரைப் பார்க்காமல் பெரிய வியாழனன்றே போய்விட்டார்.

ஜன்னலில் நின்று கேட்டவன் மூன்றாவது பொத்தானோடுதான் கேட்டிருப்பான். பொத்தான் இல்லாத வால்ட்ஸை ஒருவன் கற்றிருந்தால், தவக்காலத்தில்தான் கற்றிருக்க முடியும். அப்போது அப்பாவும் அக்கார்டியனும் இருந்தது உங்கள் வீட்டில். அந்த நெல் ஆலை யாருடையது, அக்கா?

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.
வால்ட்ரி


லான்ஸ் ப்ரூலே
5 டிசம்பர் 1961

வால்ட்ரிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

ஆலை கீத்ரியின் மச்சினனுடையது. இந்த ஊரில் எது அவர்களுடையது இல்லை? நாம் குடியிருக்கும் வீடு, கடை, ஆஸ்பத்திரி, அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போகும் பாதை, எல்லாம் அவர்களுடையது. நீ ரயில் ஏறினாய். நாங்கள் இங்கே இருக்கிறோம்.

என் புருஷனுக்கு அக்கார்டியனைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது. சலவைத் தகரத்தை நெஞ்சில் வைத்து ஸ்பூனால் சுரண்டத்தான் தெரியும். அவரா கீத்ரிக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்தார்? உனக்கே சிரிப்பு வரவில்லையா?

உன் உறையின் பசை பிரித்து ஒட்டியது போல இருந்தது. இப்படிப்பட்டதெல்லாம் தபாலில் எழுதாதே.

ஸெலிமா


ரிச்மண்ட்
16 டிசம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. பிள்ளைகளுக்கு மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் யூலிஸ் அந்தப் பக்கம் போகும் ரயிலில் வருகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுக்கிறேன், பசைக்கு வேலை இல்லை.

அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது என்கிறாய். நான் அவர் வாசித்தார் என்று சொல்லவில்லையே. தவக்காலத்தில் அக்கார்டியன் வீட்டை விட்டு வெளியே போனதா, இல்லையா என்றுதான் கேட்கிறேன். நீ ஆலையைச் சொன்னாய், வீட்டைச் சொன்னாய், ஸ்பூனைக்கூடச் சொன்னாய். இதை மட்டும் சொல்லவில்லை.

உன் வாயிலிருந்து வராததை வேறொருவன் சொன்னான். போன வாரம் நம் ஊரிலிருந்து லூயினெஸ் இங்கே வேலைக்கு வந்து சேர்ந்தான். ஹால் வாசலில் பார்த்தேன். "உங்கப்பா செத்தது வருத்தம்தான்டா. தவக்காலத்துல நல்லாத்தான் இருந்தாரு. உங்க மச்சான் லாரி கீத்ரி வீட்டுப் பின்பக்கம் நின்னுச்சு, உள்ளேருந்து பெட்டிச் சத்தம் வேற. எங்கம்மா சிலுவை போட்டுக்கிட்டா" என்றான்.

பள்ளிக்கூடத்தில் நாம் பிரெஞ்சு பேசியதற்கு முட்டி போட வைத்தார்கள். இப்போது அதே பிரெஞ்சில் நம் பாட்டுக்கு அவன் வார்த்தை போட்டு விற்கிறான். வாசல் திறந்துவிட்டது உன் புருஷன். கூலி, ஆலை வேலை.

மார்டி கிராவுக்கு வருகிறேன். முகமூடிக்குள் யார் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. ஓட்டம் உங்கள் வீட்டுக்கும் வரும். அத்தானைக் கோழியோடு வாசலில் நிற்கச் சொல். எனக்கு அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

வால்ட்ரி


லான்ஸ் ப்ரூலே
8 ஜனவரி 1962

தம்பி,

மிட்டாய் வந்தது. பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள்.

நீ வராதே. முகமூடி போட்டாலும் நீ குதிரையில் உட்காரும் விதம் ஊருக்கே தெரியும். வந்தால் நீ திரும்பிப் போக மாட்டாய்.

வேறொன்றும் எழுத முடியவில்லை. கேட்காதே.

ஸெலிமா


ரிச்மண்ட்
21 ஜனவரி 1962

அக்காவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ எழுத முடியவில்லை என்றால் உன் புருஷன் சொல்லட்டும்.

நான் நலம்.
வால்ட்ரி


லான்ஸ் ப்ரூலே
6 பிப்ரவரி 1962

என் அன்புத் தம்பி வால்ட்ரிக்கு,

யூலிஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

தவக்காலத்தில் அக்கார்டியன் வெளியே போனது. அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை. இவருடைய லாரியில் ஏறிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பி வந்து அப்பா சாப்பிடவில்லை. அந்த ஞாயிறு பூசையில், நம்மை உட்காரவைக்கும் கடைசி பெஞ்சிலிருந்து நற்கருணை வாங்கக்கூட அவர் எழவில்லை. நான் கேட்கவில்லை. அப்புறம் அப்பா செத்தார், ரெக்கார்டு வந்தது, இவருக்கு வேலை வந்தது. நீ கூட்டிய கணக்கை நான் உனக்கு முன்னாலேயே கூட்டிவிட்டேன். பதில் பிடிக்காமல் பேசாமல் இருந்தேன். உன்னிடமிருந்து மறைத்தது இதைத்தான்.

உன் டிக்கெட் கடிதம் வந்த அன்று, இவர் பம்படியில் நெல் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"வால்ட்ரி வர்றானாம். உங்களத் தேடித்தான்."

"வரட்டுமே. கோழி அடிச்சுப் போடு."

"தவக்காலத்துல அப்பாவ லாரியில ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அது எதுக்கு?"

முகத்தைத் துடைத்தார்.

"ஒரு வருஷமா இத மனசுல வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்ட?"

"ஆமா."

"சோறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பம்பை நிறுத்தினார். "உங்கப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு, ஸெலி. பையன் காதுக்குப் போனா கெளம்பி வந்துருவான்னு. இப்ப தெரியாமலே கெளம்பி வர்றான். இனிமே சத்தியம் எதுக்கு?"

அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன்.

"நானும் உங்கப்பாவும் வயல்ல இருந்தப்ப கீத்ரி வந்தான். தொப்பியக் கூட கழட்டல. 'கேப்டன், அந்தச் சேவல் இறகு முகமூடி யாரு?'ன்னான். உங்கப்பா, 'முகமூடிக்குள்ள யாருன்னு சொல்ற கேப்டன் கேப்டனே இல்ல, முசியே அல்சீட்'ன்னு மரியாதையாவே சொன்னாரு. 'சொல்ல வேணாம். உம்மவன் அன்னிக்கே ரயிலேறிட்டான்ல? கலிபோர்னியாவுலயும் போலீஸ் இருக்கு. ஒரு ஃபோன் போதும். எங்கப்பனத் தொட்ட பயலுக்கு இந்த ஊரு ஜெயில்ல என்ன நடக்கும்னு நீயே யோசிச்சுக்க'ன்னான். உங்கப்பா கேட்டாரு. 'இத்தன வருஷமா ஜன்னல்ல நின்னீங்களே முசியே, கால் வலிக்கலியா? அந்த வால்ட்ஸ முழுசா தந்துடறேன். பையன விட்டுடுங்க.'"

"அவன் வீட்டு அடுக்களைக்குப் பின்பக்கம் ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்கார வெச்சான். உள்ள கூப்புடல. அவன் மட்டும் நாற்காலியில. உங்கப்பா வாசிக்க, அவன் வாசிக்க, திரும்ப உங்கப்பா வாசிக்க. நான் லாரியிலேருந்து எறங்கவே இல்ல. மூணாவது பொத்தான் வர்ற எடத்துல உங்கப்பா கால ரெண்டு தட்டு தட்டினாரு. தாளம் விட்டுப் போகக் கூடாதுல்ல. அவன் அதையும் பாட்டுன்னு நெனச்சு, அப்படியே பெட்டிய நிறுத்தித் தட்டினான்."

"வர்ற வழியில உங்கப்பா சிரிச்சாரு, ஸெலி. 'செத்த பொத்தானையும் சேத்துக் கத்துக்கிட்டான்டா நொர்பேர். நான் சொல்லல. பாட்டக் குடுத்தேன். அந்தச் சுரத்தக் குடுக்கல'ன்னாரு. அப்புறம், 'இன்னிக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமைடா'ன்னாரு."

ஆலை வேலையைப் பற்றியும் கேட்டேன். "ரெக்கார்டு வந்த வாரமே ஆள் அனுப்பினான். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? வாய்க்குப் பூட்டு. போட்டுக்கிட்டேன். மூணு புள்ளைக சாப்பிடணுமே. உன் தம்பி வந்து அடிச்சா அடிக்கட்டும், நான் கையத் தூக்க மாட்டேன்" என்றார்.

இவர் சொன்னதை நம்புகிறேனா என்று நீ கேட்பாய். நம்புகிறேன். அந்தச் சிரிப்பு அப்பாவுடையது. அதை வேறு யாராலும் கட்டிச் சொல்ல முடியாது.

அப்பா எதற்காகத் தவக்கால நோன்பை முறித்தார் என்று இப்போது உனக்குத் தெரியும். நீ வந்து கீத்ரியின் கையில் விழுந்தால் அவர் வாளியில் உட்கார்ந்தது வீண். அவன் வாக்கைக் காப்பான் என்று நான் நம்பவில்லை. நீ கண்ணில் படாதவரை சும்மா இருப்பான், அவ்வளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் நீதானோ என்று வாசலுக்கு ஓடுகிறேன்.

ஸெலிமா


ரிச்மண்ட்
19 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதற்கு முன் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கீத்ரியைத் திட்டினேன். ஒன்றில் அப்பாவைத் திட்டினேன், யார் அவரைக் கேட்டது என்று. மற்ற இரண்டும் அத்தானுக்கு. அவற்றில் "அன்புள்ள அத்தானுக்கு" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

அக்கார்டியனை அனுப்பு. யூலிஸ் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான். அத்தான் மறுத்தால் விட்டுவிடு. அதைத் தூக்கிக்கொண்டு போனவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். உரிமை அவருக்குத்தான்.

பிள்ளைகளை அணைத்துக்கொள்.
வால்ட்ரி


லான்ஸ் ப்ரூலே
10 மார்ச் 1962

என் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நெற்றியில் சாம்பல் பூசியாயிற்று. அக்கார்டியன் யூலிஸோடு வருகிறது. இவரே சணல் சாக்கில் சுற்றிக் கட்டினார். தவக்காலம், ஈஸ்டர் வரை திறக்காதே என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். நீ திறக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்த வருடம் ஓட்டத்துக்கு இவர்தான் கேப்டன். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கீத்ரி வீட்டையும் விடவில்லை. கிழவன் வாசலுக்கு வரவில்லை. கீத்ரியே வந்து நல்ல கொழுத்த கோழியாகக் கொடுத்தான். ஒவ்வொரு முகமூடியாக உற்றுப் பார்த்தானாம். "எல்லாரும் உள்ளூர்தானா, கேப்டன்?" என்று கேட்டிருக்கிறான். இவர், "முகமூடிக்கு ஏதுங்க ஊரு?" என்றாராம்.

பிறகு கீத்ரி தாழ்வாரத்தில் பெட்டியை எடுத்து அந்த வால்ட்ஸை வாசித்தான். நம் ஆட்கள் ஆடித்தான் ஆக வேண்டும், அது வழக்கம். ஆடினார்கள். கால் தட்டும் இடம் வந்தபோது அவன் மட்டும்தான் தட்டினான். முகமூடிகள் காலை ஊன்றாமல் அப்படியே நின்றார்களாம். ஒவ்வொரு சுற்றிலும். மூன்றாவது சுற்றோடு அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். நம் ஆட்களிடம் யார் சொன்னது என்று இவரைக் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்? நான் கொடி புடிச்சவன்" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து ஆலைக்கு வர வேண்டாம் என்று இன்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பட்டினி கிடக்க மாட்டோம். கவலைப்படாதே.

ஸெலிமா


ரிச்மண்ட்
30 ஏப்ரல் 1962

அன்புள்ள ஸெலிமா அக்காவுக்கும் நொர்பேர் அத்தானுக்கும்,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? அத்தானுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா? இங்கே ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்கள். நான் கேட்டு வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். சொல்ல வேண்டியதை நேரில் சொல்வேன், அத்தான். கடிதத்தில் எழுதினால் மலிவாகிவிடும்.

ஈஸ்டர் முடிந்ததும் சாக்கைப் பிரித்தேன். பக்கத்துத் தெரு இத்தாலிக்காரர் மூன்றாவது பொத்தானைச் சரிசெய்தார். உடைந்தபடியே வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அப்பா அவனுக்குக் கொடுத்தது உடைந்த பாட்டை. நமக்கு எதற்கு அது?

நேற்று முன்தினம் கோவில் ஹாலில் வாசித்தேன். கடைசியாக வால்ட்ஸை எடுத்தேன். மேலே ஏறும் இடம் வந்தது. பொத்தானை அழுத்திப் பெட்டியை இழுத்தேன். சுரம் வந்தது, என் விரலுக்கு அடியில் அதிர்ந்தது. ஆனால் ஒருவர் காதிலும் விழவில்லை. சரியாக அந்த இடத்தில் ஹால் முழுக்கத் தொம் தொம் என்று மிதித்தார்கள். ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். எல்லாம் நம் ஆட்கள், அக்கா. நம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

முடித்ததும் ஒருவன் வந்து தோளில் தட்டினான். "கீத்ரி பாட்ட நல்லாவே வாசிக்கிறீங்க பிரதர். கால் தட்டத்தான் மறந்துட்டீங்க."

அடித்திருப்பேன். கையில் அப்பாவின் பெட்டி இருந்தது. மேடையிலிருந்து கத்தினேன். "எல்லாரும் செருப்பக் கழட்டுங்க!" சிரித்தார்கள். "ஏன், ஹாலுக்குப் புதுசா தரை போட்டிருக்கா?" என்று ஒரு கிழவி கேட்டாள். "கழட்டுங்க அத்தை, சொல்றேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். லூயினெஸ்தான் முதலில் கழற்றினான்.

திரும்ப வாசித்தேன். வெறுங்காலால் மிதித்துப் பார்த்தார்கள், சத்தம் எழவில்லை. அந்தச் சுரம் வந்தது. மிதிக்கத் தூக்கிய காலை அந்தக் கிழவி கீழே வைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் யாருமே காலைத் தூக்கவில்லை.

"இது யாரு பாட்டு?" என்று அவள் கேட்டாள்.

அப்பா கேப்டன், கடைசிவரை பெயர் சொல்லவில்லை. நான் கேப்டன் இல்லை. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
லான்ஸ் ப்ரூலே ஒனேசிம் தியெரியின் மகன்
வால்ட்ரி